மனசு விட்டு எழுத ஒரு கொப்பி: 80 பக்க சீஆர் கொப்பி பற்றிய மதிப்பீடு

ஒருவருக்கும் சொல்லாத காதல், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடன், கதைக்காமல் விட்டுப்போன உறவு, செத்துப்போனவரிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு. இவற்றை எழுதி வைக்க ஒரு கொப்பி தேடுகிறவர்களுக்கு, யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைப்பவற்றுள் 80 பக்க ஒற்றை றூள் சீஆர் கொப்பியே, அதாவது ஏ4 அளவில் மட்டை போட்ட, கோடிட்ட கொப்பியே, நல்ல தெரிவு. டயரியையும் கைப்பேசியையும் விட அது மேல். குறைகளும் அதற்கு உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்கினால் நாலு மாதம் தாராளமாகப் போகும்.

முதற் காரணம் அதன் தோற்றம். எங்கள் வீடுகளில் தனக்கென்று ஓர் அறை வைத்திருப்பவர் குறைவு. மேசையும் லாச்சியும் எல்லாருக்கும் பொது. அப்படியான வீட்டில் ஒன்றை மறைக்க வேண்டுமானால், அது எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சலித்த பொருளாக இருக்க வேண்டும். கடைக் கடன் கணக்கு, சீட்டுக் காசு, கோயில் உபயக் கணக்கு, செத்தவீட்டுச் செலவு, சனசமூக நிலையக் கூட்டக் குறிப்பு, உயர்தர வகுப்பு நோட்ஸ் எல்லாம் சீஆர் கொப்பியில்தான் எழுதப்படுகின்றன. அலுமாரித் தட்டில் அப்படி நாலு கொப்பி கிடந்தால் ஐந்தாவதை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. பிறவுண் பேப்பரில் உறை போட்டு, முன்மட்டையில் ‘கறண்ட் பில், தண்ணிப் பில்’ என்று எழுதி, முதல் நாலு பக்கத்தில் உண்மையாகவே பில் தொகைகளைத் திகதியோடு பதிந்துவிடுங்கள். அதைவிட நல்ல பூட்டு இல்லை.

பரிசுப் பொருட் கடைகளில் விற்கும் பூட்டு டயரியை ஒப்பிட்டுப் பாருங்கள். பளபளப்பு மட்டை, நகமளவு பூட்டு, நூலில் கட்டிய இரண்டு திறப்பு. அந்தப் பூட்டு கொண்டை ஊசிக்கே திறந்துவிடும். திறக்காவிட்டாலும் மட்டையில் பிடித்திருக்கும் தகட்டை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ‘இதுக்குள்ளை ஏதோ இருக்கு’ என்று அது வீடு முழுக்கச் சொல்லிவிடும். தாளும் வழுவழுப்பாக இருப்பதால் ஜெல் பேனையின் மை காய நேரம் எடுக்கும். இடக்கையால் எழுதுகிறவருக்கு வரி முழுக்க இழுபடும்.

வருடப் பிறப்பில் வங்கியும் கடைகளும் கொடுக்கும் திகதி டயரி கணக்கெழுத நல்லது, இதற்கு உதவாது. துக்கம் திகதிப்படி வருவதில்லை. ஒரு இரவுக்கு ஆறு பக்கம் வேண்டும், பிறகு மூன்று கிழமைக்கு ஒரு வரியும் வராது. திகதி அச்சிட்ட வெறும் பக்கங்களைப் புரட்டும்போது, எழுதாத நாட்களெல்லாம் செய்யாத வீட்டுப் பாடம்போலத் தெரியும். இதனாலேயே தைப்பொங்கலுக்கு முன் தொடங்கியதை மாசிக்குள் விட்டுவிடுகிறார்கள். பல டயரிகளில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம்தான். எழுத நேரம் கிடைக்கும் நாட்களில்தான் இடமும் குறைவு.

கைப்பேசியில் எழுதுவதன் ஆபத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கனடாவிலுள்ள தம்பி திறந்து தந்த மின்னஞ்சல் கணக்கில் குறிப்பு எழுதினால், அதே கணக்குப் போட்டிருக்கும் பிள்ளைகளின் ரப்லெற்றிலும் அது வந்து நிற்கும். திருத்தக் கொடுக்கும்போது கடவுச்சொல்லையும் சேர்த்தே கொடுக்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. திரையில் அழித்த சொல் அடையாளமில்லாமல் போய்விடும். தாளில் வெட்டிய சொல் வெட்டின்கீழ் தெரியும். ‘வெறுக்கிறன்’ என்று எழுதி வெட்டி ‘பயமாக் கிடக்கு’ என்று எழுதியிருந்தால், ஒரு மாதம் கழித்து வாசிக்கும்போது அந்த வெட்டுத்தான் பெறுமதியானது.

கடையில் பார்க்க வேண்டியவை

கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கக் கடைகளிலும், திருநெல்வேலி, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிப் பட்டினங்களிலும் இந்தக் கொப்பி கிடைக்கும். பள்ளிக்கூடத் தவணை தொடங்கும் கிழமையில் போனால் எல்லாப் பக்க அளவும் இருக்கும். 2022 இல் தாள் தட்டுப்பாடு வந்து மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். அந்த வருடம் கொப்பி விலை ஏறிய வேகத்தில் கடைக்குக் கடை விலை வேறுபட்டது. மட்டையில் அச்சிட்டிருக்கும் விலையைப் பார்த்துக் காசைக் கொடுங்கள்.

அட்லஸ், புறோமேற் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் கையில் எடுத்து நாலு விடயம் பார்க்க வேண்டும். முதலில் முதுகு. துணி நாடா ஒட்டி, நூலால் தைத்தது வேண்டும். நடுப்பக்கத்தை விரித்தால் நூல் தெரியும். கம்பி அடித்த கொப்பியை வைத்துவிடுங்கள். உப்புக் காற்று உள்ள ஊரில் ஸ்ரேப்பிள் கம்பி ஒரு மாரியிலேயே துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளை மஞ்சளாக்கி, பிறகு அரித்து ஓட்டையாக்கிவிடும்.

அடுத்தது தாள். பள்ளிக் கொப்பித் தாள் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 60 கிராமை ஒட்டியிருக்கும். போட்டோக் கொப்பித் தாள் 70 அல்லது 80 கிராம். ஒரு ஒற்றையை, அதாவது முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் உள்ள ஒரு தாளை, ரியூப்லைற்றுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேகம்போல் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அந்தத் திட்டுக்களில் மை ஊறும். கடைசிப் பக்கத்தின் மூலையில் ‘ழூ’ என்று அழுத்தி எழுதிப் பார்க்கலாமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். சுழி நிறைந்த எழுத்து என்பதால் மை ஊறினால் முதலில் அடைபடுவது அதுதான்.

மூன்றாவது கோட்டின் இடைவெளி. தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே கொக்கியும் உண்டு. மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யோடு முட்டக் கூடாது. அடிமட்டத்தை வைத்துப் பத்து வரியை அளந்தால் 8 சென்ரிமீற்றர் வர வேண்டும். 7 வந்தால் சிறிய கையெழுத்துக்காரருக்குச் சரி, மற்றவருக்கு நெரிசல். மனம் குழம்பிய நேரத்தில் எழுத்துப் பெரிதாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நாலாவது பருமன். பக்கக் கணக்கில் பார்த்தால் 200 பக்கக் கொப்பி மலிவு. ஆனாலும் 80 பக்கத்தையே வாங்கச் சொல்வேன். மெல்லிய கொப்பி மேசையில் தட்டையாக விரிந்து கிடக்கும், தடித்த கொப்பியை இடக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏ4 அளவில் 80 பக்கத்தின் தாள் நிறை 150 கிராம்தான். உடுப்புக்கு நடுவில் தெரியாமல் கிடக்கும். வெள்ளமோ கறையானோ வந்தால் போவது நாலு மாதம், ஒரு வருடமல்ல.

இந்தக் கொப்பியின் பெரிய குறை

ஒற்றையைக் கிழித்தால் அதன் சோடியும் கழன்றுவிடும். சொல்லக் கூடாததை எழுதிவிட்டோம் என்று மறுநாள் பயந்து கிழிப்பவர்கள் பலர், ஆகையால் இதை விளங்கிக்கொள்வது முக்கியம். ஒரே கட்டாக மடித்து நடுவில் தைத்த 80 பக்கக் கொப்பியில் 20 முழுத்தாள் இருக்கும். ஒவ்வொன்றும் மடிந்து இரண்டு ஒற்றை ஆகிறது. 3ஆம், 4ஆம் பக்கங்கள் உள்ள ஒற்றை, 77ஆம், 78ஆம் பக்கங்கள் உள்ள ஒற்றையோடு ஒரே தாள். முன்னதை அடியோடு இழுத்துக் கிழித்தால், நாலு மாதம் கழித்து நீங்கள் எழுதப்போகும் பின்னது நூலில் பிடிப்பில்லாமல் நிற்கும். ஒருநாள் கொப்பியைத் தூக்கும்போது கழன்று கீழே விழும், அதை வீட்டில் யாராவது எடுப்பார்கள்.

எடுத்தே ஆக வேண்டுமானால் அடிமட்டத்தைத் தையலிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, பிளேட்டால் வெட்டுங்கள். வெட்டும் ஒற்றையின்கீழ் தடித்த மட்டை ஒன்றைச் செருகாவிட்டால் அடுத்த மூன்று ஒற்றையும் சேர்ந்து வெட்டுப்படும். மிஞ்சும் 2 சென்ரிமீற்றர் காது மற்ற ஒற்றையைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் நல்லது, வெட்டாமல் அந்தப் பக்கத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒன்றை நாலு ஓரமும் பசை பூசி ஒட்டிவிடுவது. கிழித்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒட்டியதை மனம் ஆறிய பின்பு திறக்கலாம்.

பேனையும் மையும்

இங்குதான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் தாளுக்கு முதல் எதிரி மழை. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு, நிலத்தில் வைத்த பெட்டிக்கு என்ன நடக்கும் என்று தெரியும்.

போல் பொயின்ற் பேனையின் மை எண்ணெய்ப் பசை. தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கரையாது. குறை என்னவென்றால் வெயில் பட்டால் மங்கும், ஸ்பிரிட் பட்டால் ஓடும். கொப்பி மூடிய நிலையில் இருப்பதால் வெயில் பிரச்சினை இல்லை. சாதாரண ஜெல் பேனை எழுத இலகு, மனம் ஓடும் வேகத்துக்குக் கை ஓடும், ஆனால் பல ஜெல் மைகள் நனைந்தால் கலங்கும். பொதியில் தண்ணீர் படாது என்று போட்டிருந்தால் ஒரு தாளில் எழுதி, ஒருநாள் காயவிட்டு, பைப் தண்ணீரில் பிடித்துப் பார்த்த பிறகு நம்புங்கள். கழுவினால் போகும் நீல மை ஊற்றும் பேனையை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். ஒரு கோப்பைத் தண்ணீர் கவிழ்ந்தால் எழுதியது முழுவதும் நீலக் குளமாகும்.

பென்சிலைப் பலர் மதிப்பதில்லை. காரீயம் என்று நாங்கள் சொல்லும் கிராபைற் வெயிலில் மங்காது, தண்ணீரில் கரையாது. உரசினால் மட்டும் பூசுப்படும். எச்பீ பென்சில் நல்லது, 2பீ மென்மையானது என்பதால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். என் சிபாரிசு, 0.7 மில்லிமீற்றர் நீல அல்லது கறுப்புப் போல் பொயின்ற் பேனையால் எழுதுவதும், பிறகு திரும்பி வாசித்துக் குறிப்பெழுதப் பென்சில் வைத்திருப்பதும்.

போல் பொயின்ற்றில் ஒரு குறை உண்டு. அழுத்தி எழுதினால் கீழுள்ள இரண்டு மூன்று ஒற்றைகளில் தழும்பு விழும். அந்த வெறும் ஒற்றையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தாலோ பென்சிலால் மெல்லத் தேய்த்தாலோ மேலே எழுதியதை வாசித்துவிடலாம். எழுதிய பக்கத்தைக் கிழித்து எரித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை அறிய வேண்டும். பழைய கலண்டர் மட்டையைக் கொப்பி அளவுக்கு வெட்டி, எழுதும் ஒற்றையின்கீழ் எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கத்தில் மட்டும் எழுதுதல்

60 கிராம் தாளில் இரண்டு பக்கமும் எழுதினால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்து வாசிக்கவிடாது. ஆகவே வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வீண் என்று நினைக்க வேண்டாம், இந்தக் கொப்பியை நான் முதலிடத்தில் வைப்பதே அந்த வெறும் பக்கத்துக்காகத்தான். பில் எழுதிய முதல் இரண்டு ஒற்றையும், பேனை பரிசோதிக்கும் கடைசி ஒற்றையும் போக, 37 வலப்பக்கம் மிஞ்சும். கிழமைக்கு இரண்டு பக்கம் என்று வைத்தால் பதினெட்டுக் கிழமைக்கு வரும்.

எழுதும் முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பெனபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வில் மனதைக் கலக்கிய ஒன்றைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனம் பட்டபாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு முன்னைவிட வருத்தமாகவே இருந்தார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதியவுடன் மனம் பாரமாகும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருந்தால், முதல் நாளிலேயே ‘இது எனக்குச் சரிவராது’ என்று கொப்பியை மூடமாட்டீர்கள்.

ஆகவே பெரிய விடயம் ஒன்று இருந்தால், முதல் நாலு வலப்பக்கத்தை அதற்கென்று ஒதுக்கி நாலு நாள் தொடர்ந்து எழுதுங்கள். கைப்பேசியில் 15 நிமிடத்துக்கு மணி வைத்து, அதை மற்ற அறையில் விடுங்கள். படுக்கப் போகும் நேரம் வேண்டாம், எழுதியதற்குப் பிறகு கை வேலை ஏதாவது இருக்கும் நேரம் நல்லது: காய் நறுக்குவது, முற்றம் கூட்டுவது, கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பது. மேலே திகதியும் இடமும் போடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், பேனையைத் தூக்காமல் எழுதுங்கள்.

பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம் கையில் ஊறியிருப்பவர்களுக்கு உண்மை அதில் வருவதில்லை. ‘நான் மிகவும் மனமுடைந்து போனேன்’ என்பது யாருக்கும் பொருந்தும். ‘சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிட்டன், அம்மா ஒண்டும் கேக்கேல்லை’ என்பது அந்த இரவுக்கு மட்டும் பொருந்தும். பின்னொருநாள் வாசிக்கும்போது, அம்மா ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அங்கிருந்துதான் எழும்பும்.

காதலைப் பற்றி எழுதும்போது பெயர் போடாதீர்கள். முதலெழுத்தும் வேண்டாம், ஊரில் முதலெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். வீட்டில் புழங்கும் ஒரு பொருளின் பெயரை வைத்துக்கொள்ளலாம்: குடை, திறப்பு, சைக்கிள். கொப்பி பிடிபட்டால் உங்களுக்கு வரும் பேச்சு ஒருபக்கம், அந்த மற்ற ஆளுக்கும் அவருடைய வீட்டில் வாழ்க்கை இருக்கிறது. அனுப்பாத கடிதமாக எழுதுவது நல்ல முறை, ஆனால் எழுதிய இரவே படம் எடுத்து அனுப்பிவிடுவதுதான் அதில் நேரும் வழக்கமான தவறு. குறைந்தது ஏழு நாள் கொப்பிக்குள்ளேயே கிடக்கட்டும்.

கஷ்டத்தை எழுதும்போது தொகையை எழுதுங்கள். ‘கடன் கூடிப்போச்சு’ என்றால் அது இருட்டில் வளர்ந்துகொண்டே போகும். ஆருக்கு எவ்வளவு, வட்டி மாதத்துக்கு எவ்வளவு, அடகு வைத்த நகை எத்தனை பவுண், மீட்கும் திகதி எப்போது என்று நாலு வரியில் எழுதினால் பயத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும். கொப்பியில் விலை அதிகம் பெறும் பக்கம் பலருக்கு இதுதான்.

ஒரு மாதம் கழித்துப் பென்சிலோடு திரும்பி வாருங்கள். வலப்பக்கத்தை வாசித்து, எதிரே உள்ள வெறும் இடப்பக்கத்தில் மூன்று விடயம் எழுதுங்கள்: இது இன்னும் இப்படியேதானா, அன்று எழுதாமல் விட்டது என்ன, இதற்குப் பிறகு என்ன நடந்தது. வலப்பக்கத்தில் ‘85,000 கடன், வீட்டிலை ஆருக்கும் தெரியாது’ என்று இருக்கும். இடப்பக்கத்தில் ‘அண்ணாவுக்குச் சொல்லியாச்சு. ஏசேல்லை. 10,000 குடுத்தாச்சு’ என்று ஒரு பென்சில் வரி வரும். எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர், மாறியதை அந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்துத்தான் அறிகிறார்.

மாற்றத்தை விரலாலும் அறியலாம். எழுதிய ஒற்றையின் பின்பக்கத்தை, அதாவது வெறும் இடப்பக்கத்தை, விரல் நுனியால் தடவுங்கள். கீழே மட்டை வைத்து எழுதினாலும் போல் பொயின்ற் பேனை அந்த ஒற்றையில் புடைப்பு விட்டுப் போகும். கோபத்திலும் பயத்திலும் எழுதிய பக்கம் சொரசொரப்பாக இருக்கும், சில இடத்தில் முற்றுப்புள்ளி தாளைத் துளைத்தும் இருக்கும். மாதங்கள் போகப் போகப் புடைப்புக் குறைந்து தாள் வழுவழுப்பாகிக்கொண்டு வரும். எந்தப் பக்கத்தில் கை இலேசானது என்று பார்த்து, அந்தத் திகதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். பெரிய சம்பவம் ஒன்றும் இராது. மழை, ஒரு கல்யாணவீடு, முருங்கை பூத்தது என்று ஏதாவது இருக்கும்.

எழுத்து உதவாத நிலையும் உண்டு. ஒரே வசனம் மூன்றாவது முறையும் அதே சொற்களில் வந்தால், அது வெளியே போகவில்லை, உள்ளேயே சுற்றுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த வரியை ‘ஏனெண்டால்’ என்று தொடங்குங்கள். பெனபேக்கரின் பிந்திய ஆய்வுகளில், நாட்கள் போகப் போகக் காரணம் சொல்லும் சொற்களும் விளங்கிக்கொண்டதைச் சொல்லும் சொற்களும் கூடி வந்தவர்களுக்கே எழுத்து அதிகம் பயன்பட்டது. ‘ஏனெண்டால்’ என்பதற்குப் பிறகும் பழைய வசனமே வந்தால் அந்த விடயத்தை ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். எழுதிய பிறகு நாட்கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அல்லது சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் கொப்பி போதாது. 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

மாரியும் பூச்சியும்

ஐப்பசி தொடங்கும் முன் கொப்பியைச் சிப் வைத்த பொலித்தீன் பைக்குள் போடுங்கள். போடும் நாள் வெயில் நாளாக இருக்கட்டும், ஈரக் காற்றோடு மூடினால் பைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போடலாம். அரிசி போட வேண்டாம், வண்டு வரும். இரும்பு அலுமாரியானால் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், மழை நாளில் தகட்டில் வியர்க்கும். நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம் வேண்டும்.

கரப்பானும் வெள்ளிநிறப் பூச்சியும் தாளைவிட முதுகிலுள்ள பசையைத்தான் முதலில் தின்னும். வேப்பிலையும் வசம்பும் ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே நாங்கள் நம்பும் காவல். வேப்பிலை நன்றாகக் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்க வேண்டும், தாளில் பொட்டலம் கட்டி வைக்க வேண்டும். பச்சையிலையைப் பக்கத்துக்குள் வைத்தால் கறை விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கறையானுக்கு இவை போதாது, சுவரைத் தொடாமல் வைப்பதுதான் வழி.

1995 ஒக்ரோபர் 30 இல் போர் நெருங்கியபோது வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்களுக்குக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஒரே பையில் இருக்க வேண்டும் என்ற பாடம் உண்டு. பல வீடுகளில் அந்தப் பை இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. கொப்பியை அந்தப் பைக்குள் வைக்காதீர்கள். அவசரத்தில் அந்தப் பையைத் திறப்பவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம், ஈரத் தாள் கிழியும். வெயிலிலும் போடாதீர்கள், தாள் நெளிந்து பசை இளகும். மூடியபடி ஒரு துவாயில் வைத்து மெல்ல அழுத்தித் தண்ணீரை எடுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து, விசிறிக் காற்றில், பத்து ஒற்றைக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பத்திரிகைத் தாள் அதன் மையை ஒட்டிவிடும். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கும் என்பதால், உடனே உலர்த்த வசதியில்லாவிட்டால் பொலித்தீனில் சுற்றிப் பிறீசரில் வையுங்கள். மழை விட்ட பிறகு எடுத்து ஆறுதலாக உலர்த்தலாம்.

கொப்பி முடிந்த பிறகு

வைத்திருக்க விரும்புகிறவர்கள் கடைசிப் பக்கத்தில், தமக்கு ஏதும் நடந்தால் இதை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி, நம்பிக்கையான ஒருவருக்குக் கொப்பி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லி வைக்கலாம். உள்ளே என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அழிக்க விரும்புகிறவர்கள் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடவே கூடாது. பழைய கொப்பி ஒற்றைகள் கச்சான் சுருளாக வருவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். திருவிழா வீதியில் யாரோ கச்சானைக் கொறித்துக்கொண்டு உங்கள் இரவை வாசிக்க வேண்டாம். முழுக் கொப்பியாக அடுப்பில் வைத்தால் ஓரம் மட்டும் கருகி நடுப்பக்கம் வாசிக்கும்படியே மிஞ்சும், காற்றும் ஒற்றையைப் பக்கத்து வளவுக்குக் கொண்டு போகும். தண்ணீர்தான் நம்பகமானது. ஒற்றைகளைக் கையளவு துண்டாகக் கிழித்து, வாளியில் வெந்நீர் ஊற்றி ஒரு இரவு ஊறவிடுங்கள். போல் பொயின்ற் எழுத்து தண்ணீரில் போகாது என்பதால் ஊறவைத்தால் மட்டும் போதாது, காலையில் கையால் பிசைந்து கூழாக்க வேண்டும். ஒரு எழுத்தும் தெரியாத பதம் வர இருபது நிமிடமாவது எடுக்கும். கூழைப் பிழிந்து வாழையடியில் மண்ணோடு கலந்து மூடலாம். நூல், துணி நாடா, மட்டை மூன்றையும் முதலே கழற்றி வைத்துவிடுங்கள், அவை இலகுவில் கூழாகாது.